கண்மாய்க் கரையில் வீசிய துண்டு

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் எழுதக் கற்று எட்டு மாதம்தான் ஆகிறது. ஒரு வரி முடிவதற்குள் விரல் மரத்துப்போகிறது. ஆனாலும் நான் நினைத்தது தாளில் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், இந்த வயதிலும் தனியாகச் சிரித்துக்கொள்கிறேன்.

கருப்பையா அண்ணன் இறந்த செய்தியை அவருடைய மூத்த மகன் வந்து சொன்னபோது களத்தில் எள் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். "அப்பா காலையில போயிட்டாருங்க சித்தப்பா" என்றான். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. அந்த விஷயம் தெரிந்தவர் இனி யாரும் இல்லை என்ற நிம்மதி. அவரை அறிந்த உங்களிடம் இதை மறைத்துவிட்டு, நம் ராத்திரி வகுப்பின் வாரத்தாளில் அவரைப் பற்றி நாலு வரி எழுத எனக்கு மனம் வரவில்லை.

கோடையில் கண்மாய் வற்றி முழங்கால் தண்ணீரானதும், சுற்றுவட்டாரமே ஊத்தாக்கூடையும் வலையுமாகக் கரையில் வந்து நிற்கும். ஊர்த்தலைவரான அம்பலகாரர் ஐயனாருக்குச் சூடம் காட்டி, வெள்ளைத் துண்டைத் தலைக்கு மேலே வீசிக் காட்டினால்தான் மீன் பிடிக்க இறங்கலாம். புதுக்கோட்டை சமஸ்தானமாக இருந்த காலம். எனக்குப் பத்து வயது. சூடம் காட்டுமுன்பே என் துண்டை எடுத்து வீசிவிட்டேன். ஜனம் திபுதிபுவென்று தண்ணீரில் இறங்கியது. பெரியவர்கள் ஓடிவருவதைக் கண்டதும், பக்கத்தில் நின்ற கருப்பையா அண்ணன் கையில் துண்டைத் திணித்தேன். அவரைப் புளியமரத்தில் கட்டிவைத்து விளாறால் அடித்தார்கள். என் பெயரை அவர் சொல்லவே இல்லை. அவிழ்த்துவிட்டதும் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டார்: "ஒங்க ஆத்தாளுக்காச்சும் மீனு கெடைச்சுச்சாடா?"

சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த கோடையில், என் மகள் அழகம்மாள் அதே கரையில் நின்று அதே வேலையைச் செய்தாள். அவளுக்கு ஒன்பது வயது. மூன்றாம் வகுப்பு முடித்திருந்தாள். ஜனம் ஏமாந்து இறங்கியதைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தாள். அம்பலகாரர் என்னைப் பார்த்து, "பொட்டப்புள்ளையப் பள்ளிக்கூடம் அனுப்புனேல்ல, ஒனக்கு நல்லா வேணும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் விளாறை ஒடித்தேன். அடித்துக்கொண்டே, "லீவு முடிஞ்சாலும் ஒனக்குப் பள்ளிக்கூடம் கெடையாது" என்று ஊருக்குக் கேட்கும்படி கத்தினேன்.

கருப்பையா அண்ணன் என் கையைப் பிடித்துக் காதோரம் சொன்னார்: "ராமையா, அடிச்சது போதும். படிப்ப நிறுத்தாதடா. என்னைய அடிச்சவங்ககூட அடியோட விட்டுட்டாங்க."

"ஒங்க சோலியப் பாருங்க" என்றேன்.

அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்கு வந்தார். அப்போது அழகம்மாள் என்னிடம், "அப்பா, நீங்க சின்னப்புள்ளையில சேட்டையே பண்ணலையா?" என்று கேட்டாள். அவரை வைத்துக்கொண்டே, "இல்ல" என்றேன். அவர் குடித்துக்கொண்டிருந்த மோரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். ஒரு வருடம் என் வாசலை மிதிக்கவில்லை. அப்போதும் யாரிடமும் சொல்லவில்லை. அவர் சொல்லியிருந்தால் நான் அவரை வெறுத்துத் தப்பித்திருப்பேன். அதற்கும் அவர் இடம் தரவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் நான் எழுதிப் பழகுவதைப் பார்த்துச் சிரித்தார். "எழுத்து வந்துருச்சா? அப்ப ஒன் மகளுக்கு எழுதிச் சொல்லுடா."

"அவளுக்குப் படிச்சதெல்லாம் மறந்துபோச்சேண்ணே."

"அது யாரு குத்தம்?"

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கேள்விதான். அழகம்மாள் கீரமங்கலத்தில் வாழ்க்கைப்பட்டுப் பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். ரேஷன் கடையில் இன்னும் கைநாட்டுத்தான். வருகிற வெள்ளிக்கிழமை இந்தத் தாளை எடுத்துக்கொண்டு போகிறேன். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன், நேரமாகும். அவள் பாதியில் எழுந்து போனாலும் முழுதும் படிப்பேன். அவள் என்ன சொன்னாள் என்று அடுத்த வாரம் எழுதுகிறேன். ஒன்றும் சொல்லாவிட்டால், அதையும் எழுதுகிறேன்.