புள்ளியும் நட்சத்திரமும்

தம்பானூர்க் கணினி மையத்தில் எனக்குப் பக்கத்து இருக்கைக்காரர் அவர். உட்காருமுன் கைக்குட்டையை நாலாக மடித்து மணிக்கட்டுக்கு அடியில் வைத்துக்கொள்வார். நெற்றிச் சந்தனம் மாலைவரை கலையாது.

பெங்களூர்ப் பயிற்சிக்கு எங்களில் ஒருவருக்குத்தான் இடம். அதிக வேலை யாருடையது என்று அதிகாரி கோப்புகளைப் பார்த்து முடிவு செய்வார். ஒவ்வொரு கோப்பிலும் முதல் வரி, தயாரித்தவர் பெயர். பாதிக்குமேல் என் பெயர்தான்.

ஒருநாள் அவர் தன் மலையாளம் கலந்த தமிழில் ஆரம்பித்தார். "தம்பி, ஒரு உபகாரம் கேட்டோ. வெளியே போற நகல்ல பேரெல்லாம் எடுத்துட்டு 'அலுவலகம்'னு போடணுமாம். முந்நூறு கோப்பு! கையால மாத்தினா ஓணமே வந்துடும், அல்லே?"

துள்ளிக்கொண்டு ஒரு சின்ன நிரல் எழுதினேன். "'தயாரித்தவர்'க்குப் பின்னாடி ஒரு புள்ளி, ஒரு நட்சத்திரம் அண்ணா. ரெண்டும் சேர்ந்தா 'எதுவானாலும்'னு கணினிக்கு அர்த்தம். அங்க யார் பேர் இருந்தாலும் பிடிச்சு மாத்திடும்."

"யார் பேரானாலும்?"

"யார் பேரானாலும்!"

மறுவாரம் அசல் கோப்புகளைத் திறந்தேன். முந்நூறிலும் அவர் பெயர். என் நிரலில் அவர் மாற்றியது ஒரே ஒரு சொல். 'அலுவலகம்' இருந்த இடத்தில் தன் பெயரைப் போட்டு, நகலுக்குப் பதில் அசலிலேயே ஓட்டியிருந்தார். பயிற்சிக் கடிதமும் அவருக்கே வந்துவிட்டது.

"ஏன் அண்ணா இப்படிச் செஞ்சீங்க?"

அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "கோபப்படாதே தம்பி. ஒரு கோப்புகூட விடலை கேட்டோ. என்ன எழுத்து உன்னோடது!"

கேலியா, உண்மையான வியப்பா, இன்றும் தெரியவில்லை. ஆனால் அதைக் கேட்டதும் ஒரு கணம் எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைக்காகத்தான் அவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.