அம்மாவுக்கு நாலு வரி

அந்த நாலு வரியை முதலில் நான் எழுதியது வாலாஜாபாத் ரைஸ்மில் முதலாளி ஒருவருக்காக, தொண்ணூறுகளின் நடுவில். அவரை நான் பார்த்ததே இல்லை. இரங்கற்பா எழுதுவதற்கு அது பெரிய வசதி. உத்திரமேரூர் பஜாரில் அச்சகம் வைத்திருந்த பாய், கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார். வார இதழ்களுக்குத் துணுக்கு எழுதுகிறவன் என்ற தகுதியில் நான் அகப்பட்டேன். சொன்ன டீ வருவதற்குள் எழுதிவிட்டேன்.

எண்ணெய் தீர்ந்ததோ, திரி கருகியதோ,
எங்கள் விளக்கே, நீ அணைந்தாய்.
வீட்டை இருட்டில் விட்டுவிட்டு
விண்ணில் ஏறி எரிகின்றாய்.

பாய்க்குக் கண் கலங்கியது. கோத்த அச்செழுத்தைக் கலைக்காமல் வைத்திருந்து, அடுத்தடுத்த சாவுகளுக்குப் பெயரையும் படத்தையும் மட்டும் மாற்றி அடித்தார். மற்ற அச்சகங்கள் அவரைப் பார்த்து அடித்தன. திருப்புட்குழி வரை சுவர்களில் என் விளக்கு எரிந்தது. பஸ்ஸில் போகும்போது, செத்தது யார் என்று பார்ப்பதற்கு முன் வரிகள் ஒழுங்காக வந்திருக்கின்றனவா என்று பார்ப்பேன். புகழ் என்றால் இதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா இறந்தபோது காலம் மாறிவிட்டிருந்தது. பாய் கம்ப்யூட்டர் வாங்கி பிளெக்ஸ் போட ஆரம்பித்திருந்தார். காவாந்தண்டலத்து வீட்டு வாசலில், காரியத்தன்று அம்மா படத்தோடு ஒரு பிளெக்ஸ் வைப்பதென்று அண்ணன் முடிவுசெய்தார். எழுத வேண்டியவன் நான். இந்த ஒரு தடவையாவது, வேறு யார் படத்துக்குக் கீழேயும் பொருந்தாத நாலு வரி எழுதிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. பேனாவை எடுத்தால் வந்ததெல்லாம் எண்ணெயும் திரியும்தான்.

பிரவுசிங் சென்டருக்குப் போனேன். பெற்ற தாய்க்கு அழ இணையத்தில் மாதிரி தேடுகிறவனை என்ன சொல்வது? உந்துதல் தேடிப் போனேன் என்று வைத்துக்கொள்வோம். கவிதைக்கென்றே ஒரு குழு இருந்தது. திறந்ததும் என் விளக்கு. கறுப்புக் கண்ணாடி போட்டு, யாருடைய காரிலோ சாய்ந்து நின்ற ஒருவர், தம் இதயத்திலிருந்து வந்ததாகச் சொல்லி அதைப் போட்டிருந்தார். கீழே வரிசையாக அருமை, அருமை. அது நான் எழுதியது என்று எழுத்துக்கு எழுத்து தேடித் தட்டினேன். உடனே ஒருவர் பதில் போட்டார்: “சார், இது எங்க ஊர்ல எல்லா போஸ்டர்லயும் இருக்கு. நீங்க எழுதினதுன்னு சொல்றதெல்லாம் ஓவர்.” கண்ணாடிக்காரரிடம் அதை யாரும் கேட்கவில்லை. அவருக்குப் படம் இருந்தது. என் பெயருக்குப் பக்கத்தில் படம் இருக்க வேண்டிய இடத்தில் தலை மாதிரி ஒரு நிழல்தான்.

வீட்டுக்கு வந்து அம்மாவை மட்டும் யோசித்தேன். ஆளில்லாத அறையில் பல்பு எரிந்தால், “எவன் அப்பன் வூட்டு கரண்டுடா?” என்று கத்திக்கொண்டே போய் அணைப்பாள். எழுதினேன்.

ஆளில்லா அறையில் விளக்கெரிந்தால்
அணைத்துவிட்டுப் போனவளே,
நீ இல்லாத வீட்டில் இன்று
சுவிட்சைத் தொடக் கை வரவில்லை.

அண்ணன் இரண்டு தடவை படித்தார்.

“இன்னாடா இது, கரண்டு பில்லு மாரி கீது? ஊர்ல கீறவனையெல்லாம் அழ வெச்ச. பெத்தவளுக்கு இதானா? அந்த எண்ண தீர்ந்துச்சே, அதப் போடு.”

அது ரைஸ்மில்காரருடையது என்றேன்.

“எவனுதா இருந்தா இன்னா? எழ்துனது நீதானே?”

அது என்னுடையது என்று உலகத்தில் ஒப்புக்கொண்ட ஒரே வாசகர் அவர். அதற்காக மகிழக்கூட நேரமில்லை.

பாயிடம் மேல்முறையீட்டுக்குப் போனேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார்.

“நல்லாத்தான் கீது சார். ஆனா பாருங்க, திரி போயி சுவிட்ச்சு வந்துகீது. வெளக்கு அதே வெளக்குதானே?”

அவர் சொன்ன பிறகுதான் தெரிந்தது. ஊரார் என்னைக் காப்பியடித்தார்கள் என்று பொருமிக்கொண்டிருந்தவன், அவர்களோடு சேர்ந்து நானும் என்னையே காப்பியடித்திருக்கிறேன். அம்மா உண்மையில் இருந்தது அந்த வசவில் மட்டும்தான். அதைப் பிளெக்ஸில் போட முடியாது.

பாய் பழைய ஃபைலைத் திறந்தார். அதிலிருந்த யாரோ ஒரு கிழவரை அழித்துவிட்டு அம்மாவை வைத்தார். அளவெடுத்தது போல் பொருந்தினாள்.

காரியத்தன்று வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அம்மாவின் பிறந்த வீட்டு வழியில் தூரத்து உறவான ஒரு அம்மாள், பேத்தியைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வரவில்லை. எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்திருக்கலாம் என்று பட்டது.

“யாரு நைனா இத எழ்துனது?” என்று என்னிடம் கேட்டாள்.

“எல்லாரும் போடறதுதாம்மா” என்றேன்.