பரிதிவாணன் மனுசன்தானா?

ரஷ்யாக்காரன் நாயை வானத்துக்கு அனுப்பிய மறு வருஷம், இலுப்பூர் வட்டாரத்தில் வியாழக் கிரகத்தைப் பற்றி அடித்துப் பேசக்கூடிய நிபுணர் ஒரே ஒருவர்தான் இருந்தார். கடைத்தெருவில் வாடகைச் சைக்கிள் கடை வைத்திருந்த நாகராசு. பஞ்சர் பார்க்க டியூபைத் தண்ணீர்ச் சட்டியில் அமுக்குவார். குமிழி கிளம்பும். "ராக்கெட்டுக்குப் பின்னாடியும் இதே கதைதான், காத்துத் தள்ளுது, வண்டி போகுது" என்பார். சைக்கிளுக்கு வந்தவர்கள் தலையாட்டுவார்கள். ஆட்டாவிட்டால் பஞ்சர் ஒட்டி முடியாது.

இந்த ஞானமெல்லாம் ஒரு வாரப்பத்திரிகைத் தொடர்கதையிலிருந்து வந்தது. கதாநாயகன் பரிதிவாணன் ராக்கெட் ஏறி வியாழனுக்குப் போகிறான். பூமியில் தமிழ்க்கொடி என்கிற பெண் மாடியில் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நாகராசுக்கு இதில் குறையே தெரியவில்லை. "வியாழன்ல இருக்கவன் எப்புடிய்யா தமிழ் பேசுறான்?" என்று கேட்ட ஒருவரை, "பின்னே பேசாம ஊமையாவா இருப்பான்?" என்று வாயடைத்தார். பெற்ற பிள்ளைக்குப் பரிதிவாணன் என்றுதான் பேர் என அப்போதே தீர்மானித்துவிட்டார்.

அவர்கள் குடும்பத்தில் பிள்ளைக்குக் காது குத்துகிற அன்றுதான் பேர். அய்யனார் கோவிலில் தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்தி, பிள்ளைக்கு வைக்கிற பேரை மாமன் மூன்று தடவை காதுக்குள் சொல்லவேண்டும். அதுவரை பிள்ளை வெறும் 'தம்பி'தான். நாகராசின் அப்பா பேர் மலையாண்டி. மூத்த பேரனுக்கு அந்தப் பேர் என்பது யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நாகராசுக்கு மட்டும் தெரியவில்லை.

காதுகுத்து நெருங்கிய நேரத்தில்தான் கதை கெட்டது. பரிதிவாணன் பூமிக்குத் திரும்பி வந்தான். தமிழ்க்கொடி வீட்டில் விருந்து வைத்தார்கள். எல்லாவற்றையும் உப்பில்லாமல் கேட்டான். அடுத்த வாரம், வியாழனிலிருந்து ஒயர்லெஸ்ஸில் இன்னொரு பரிதிவாணன் கூப்பிட்டு, "அங்கே இருப்பது நானல்ல!" என்று கதறினான். அதற்கடுத்த வாரம் அவனும் வந்து இறங்கிவிட்டான். ஆளும் ஒன்று, குரலும் ஒன்று, சட்டைப் பொத்தான்கூட ஒன்று. ஒருவன் வியாழன்காரன், உருவம் மாறி வந்தவன். எவன் என்பதைத்தான் எழுத்தாளர் சொல்லவில்லை.

நாகராசுக்குச் சோறு இறங்கவில்லை. வீல் கோட்டம் எடுக்கப்போய் நேராக இருந்த வீலைக் கோணலாக்கினார்.

"ஏங்க, அந்த ஆளு மனுசனா இல்லையா?" என்றாள் மனைவி செவந்தி.

"ஒருத்தன் மனுசன்."

"நம்ம பிள்ளைக்கு எவன் பேரு?"

"ரெண்டு பேரு பேரும் அதுதானடி!"

"அப்படின்னா கேட்டுக்கங்க. காதுகுத்துக்குள்ள மனுசன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க, அந்தப் பேரையே வைப்போம். தெரியலைன்னா ஒங்கப்பா பேருதான். உப்புத் திங்காதவன் பேரை எம் பிள்ளைக்கு வைக்கவிட மாட்டேன்."

அவள் அண்ணன் ஆவுடையப்பன் புதுக்கோட்டை விராலிமலை பஸ்ஸில் கண்டக்டர். வெள்ளிக்கிழமை பத்திரிகைக் கட்டு அவர் வண்டியில்தான் வரும். அன்னவாசல் தாண்டுவதற்குள் அவர் படித்துவிடுவார். அந்த ஒரு காரணத்தாலேயே நாகராசை இளக்காரமாகப் பார்ப்பார்.

"மாப்புள, முதல்ல வந்தவன்தான் டூப்ளிகேட்டு. உப்பு வேணாங்கிறான் பாருங்க."

"எங்க பெரியப்பாவும் உப்பு வேணாங்கிறாரு மச்சான். டாக்டரு சொல்லியிருக்காரு. அவரு வியாழனா?"

"ஒங்க பெரியப்பாவைப் பத்தி எனக்கும் ரொம்ப நாளா சந்தேகம் உண்டு."

காதுகுத்தும் வெள்ளிக்கிழமையில் வந்தது. பொங்கல் பொங்கியது, பிள்ளைக்கு மொட்டை அடித்தாகிவிட்டது, ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருந்தார். தாய்மாமனைக் காணோம். ரோட்டோரக் கோவில்தானே, வண்டியை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தார். பஸ் வந்தது. காக்கிச் சட்டையோடு, ஒரு கையில் சீர்த்தட்டும் மறு கையில் பத்திரிகையுமாக ஆவுடையப்பன் குதித்தார். பின்னாலேயே பயணிகளும் இறங்கினார்கள். டிக்கெட் வாங்கியவர்களுக்குக் காதுகுத்துப் பார்க்க உரிமை உண்டல்லவா?

நாகராசு சீர்த்தட்டைப் பார்க்கவில்லை, மச்சானையும் பார்க்கவில்லை. பத்திரிகையைப் பிடுங்கி அய்யனார் குதிரைக் காலடியில் நின்று படித்தார். தமிழ்க்கொடி இருவரையும் நிறுத்தி ஒரு கேள்வி கேட்கிறாள். இருவரும் ஒரே பதிலைச் சொல்கிறார்கள். அவள் ஒருவனுடைய கையைப் பிடிக்கிறாள். அவன் சிரிக்கிறான். 'அந்தச் சிரிப்பில்...' என்று எழுதி, கீழே 'தொடரும்' என்று போட்டிருந்தது.

டிரைவர் ஆரன் அடித்தார்.

"என்னங்க, மனுசனா?" என்றாள் செவந்தி.

"ஆமா" என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. செவந்தி என்ன, பத்திரிகை ஆபீசுக்கா போய் விசாரிக்கப்போகிறாள்? ஆனால் வியாழனைப் பற்றி அதுவரை ஒரு பொய்யும் சொல்லாதவர் நாகராசு. தெரியாமல் சொன்னவை வேறு கணக்கு. தொண்டையைக் கனைத்தார். பஸ் ஜனம் மொத்தமும் அவர் வாயையே பார்த்தது.

"தெரியலடி" என்றார்.

"சொல்லுண்ணே, மலையாண்டி!" என்றாள் செவந்தி.

ஆசாரி குத்தினார். பிள்ளை வீறிட்டான். ஆவுடையப்பன் குனிந்து, அந்தக் கூச்சலுக்குள் மூன்று தடவை காதில் சொன்னார். என்ன சொன்னார் என்பது அவருக்கும் பிள்ளைக்கும் அய்யனாருக்கும்தான் தெரியும். மறுபடியும் ஆரன். பிள்ளையையும் சீர்த்தட்டையும் தங்கச்சி கையில் கொடுத்துவிட்டு ஓடினார். நாகராசும் கூடவே படிக்கட்டு வரை ஓடினார்.

"போகட்டும் மச்சான், எங்கப்பா பேரு. நல்ல பேருதானே" என்றார்.

ஆவுடையப்பன் குனிந்து மெதுவாகச் சொன்னார். "மாப்புள, ஆத்தாகாரிகிட்டச் சொல்லிறாதீங்க. ரெண்டு தடவைதான் மலையாண்டி. மூணாவது தடவை பரிதிவாணன்னு சொன்னேன்."

"நெசமாவா மச்சான்? விளையாடுறீங்களா?"

ஆவுடையப்பன் சிரித்தார். விசில் ஊதினார். வண்டி கிளம்பிவிட்டது.

நாகராசு ரோட்டிலேயே நின்றார். அந்தச் சிரிப்பு என்ன சிரிப்பு என்று யோசித்தார். திரும்பி வந்து, செவந்தி அந்தப் பக்கம் பார்த்த நேரத்தில், "பரிதிவாணா" என்று மெல்லக் கூப்பிட்டார். பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். ஒரு பேச்சுக்கு, "மலையாண்டி" என்றும் கூப்பிட்டார். அதற்கும் அதே மாதிரிதான் பார்த்தான்.

பொங்கலில் உப்பு இருக்கிறதா என்று விசாரித்து, விரல் நுனியில் கொஞ்சம் எடுத்துப் பிள்ளை நாக்கில் வைத்தார். அவன் துப்பினான்.