ஏகாதசியன்று ஸ்கேனுக்கு வந்த மாமி

எங்கள் எம்ஆர்ஐ அறைக்கு வெளியே தொங்குகிற காலண்டரில் ஏகாதசிகளைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு வைப்பது நான்தான். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் என்னைப் பெரிய பக்தை என்று நினைத்துவிடுகிறார்கள். காலையில் இட்லி உள்ளே போகாவிட்டால் எதிரில் வருகிறவர்மேல் எரிந்து விழுகிற ஜென்மம் நான். விரதமாவது ஒன்றாவது. அந்த வட்டங்களுக்குக் காரணம் ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த ஒரு மாமி.

முதுகுவலி என்று காலையில் முதல் ஆளாக வந்திருந்தார். ஒன்பது கஜப் புடவையில் காவிரிப் பாலத்தைத் தாண்டி, தில்லைநகர் வரை ஆட்டோவில் குலுங்கி வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. கூடவே கைத்தடியுடன் கணவர். வழக்கமான கேள்விகளைக் கேட்டேன். பேஸ்மேக்கர் இல்லை, உடம்பில் பிளேட், ஸ்குரூ எதுவும் இல்லை. சுகர் இருக்கிறது.

"மாத்திரை போட்டீங்களா மாமி?"

"காத்தாலயே போட்டுண்டாச்சு. ஒருநாள்கூட விடப்படாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரே."

நல்ல பேஷன்ட் என்று நினைத்துக்கொண்டேன். முதுகுத்தண்டு ஸ்கேனுக்கு வெறும் வயிறு தேவையில்லை. அதனால் சாப்பிட்டீர்களா என்று நாங்கள் யாரையும் கேட்பதில்லை.

தாலிச் சங்கிலியைக் கழற்ற வேண்டும் என்றதும் மாமியின் முகம் சுருங்கியது. இது எங்களுக்குப் பழகிப்போனது. மஞ்சள் கயிறும் விரலி மஞ்சளும் எங்கள் மேஜை டிராயரில் எப்போதும் இருக்கும். மாமா அதைக் கட்டிவிட்டார். உடை மாற்றி, மெஷினில் படுக்கவைத்து, கையில் ரப்பர் பந்தைக் கொடுத்து, "பயமா இருந்தா இதை அமுக்குங்க. அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும்" என்றேன்.

வாசலில் நின்றிருந்த மாமா விடவில்லை. "அரை மணி ஆகும்னு ரிசப்ஷன்ல சொன்னாளே. அவகிட்ட நான் இதுவரைக்கும் பொய் சொன்னதில்லை. நீங்களும் சொல்லப்படாது."

வந்ததே கோபம். நோயாளியின் தைரியத்துக்குச் சொல்வதையெல்லாம் பொய்க் கணக்கில் சேர்த்தால் நான் என்ன செய்வது? "சரி மாமி, அரை மணி" என்று கடுகடுத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தால் எங்களுக்கு நோயாளியின் முகம் தெரியாது, பாதம்தான் தெரியும். மாமியின் கால் கட்டைவிரல் ஆடிக்கொண்டே இருந்தது. மைக்கில் கேட்டேன்.

"மாமி, காலை ஏன் ஆட்டுறீங்க?"

"சகஸ்ரநாமம் சொல்லிண்டிருக்கேன்மா. இந்த டமடம சத்தத்துல விட்டுப்போயிடாம இருக்கத்தான்."

முதுகுத்தண்டுப் படத்துக்குக் கட்டைவிரலால் கெடுதல் இல்லை. அது மட்டும் ஆடட்டும் என்று விட்டுவிட்டேன். ஒவ்வொரு படத்துக்கும் இடையே பேச்சுக் கொடுத்தேன். பதில் வந்தது. பிறகு ஒரு தடவை "ம்" என்று மட்டும் வந்தது. அப்புறம் கட்டைவிரல் நின்றது.

சிலர் அந்தச் சத்தத்திலும் தூங்கிவிடுவார்கள். ஆனால் சகஸ்ரநாமத்தைப் பாதியில் விட்டுத் தூங்குகிற ஆளா இவர்? கூப்பிட்டேன். பதில் இல்லை. மெஷினை நிறுத்திவிட்டு உள்ளே ஓடினேன். நான் ஸ்வெட்டர் போட்டு உட்காருகிற குளிரில் மாமியின் கவுன் வேர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கண் பாதி திறந்திருந்தது. என்னென்னவோ குழறினார்.

அவசரம் என்றால் முதலில் ஆளைக் காந்த அறைக்கு வெளியே கொண்டுவர வேண்டும். இரும்பு மருந்து டிராலியும் சிலிண்டரும் உள்ளே போகக்கூடாது. மாமா கைத்தடியோடு உள்ளே பாய்ந்தார். "தடி இரும்பு மாமா, அங்கேயே நில்லுங்க" என்று நான் போட்ட சத்தத்தில் அப்படியே நின்றுவிட்டார். அட்டெண்டரும் நானுமாக மாமியைப் படுக்கையோடு வெளியே உருட்டி வந்தோம். நர்ஸ் விரலில் குத்திப் பார்த்தாள். சுகர் பாதாளத்தில் இருந்தது.

"காலையில என்ன சாப்பிட்டாங்க?" என்று மாமாவைக் கேட்டாள்.

"இன்னிக்கு ஏகாதசி" என்றார் மாமா. "நேத்து ராத்திரியிலேர்ந்து ஒண்ணும் இல்லை. மாத்திரை முழுங்க ஒரு சொட்டுத் தீர்த்தம், அவ்வளவுதான். கல்யாணமான நாளா ஒரு ஏகாதசி விட்டதில்லை அவ."

விரதத்தையும் விடவில்லை, மாத்திரையையும் விடவில்லை. இரண்டையும் ஒழுங்காகச் செய்ததுதான் வினையாகிவிட்டது. நர்ஸ் நரம்பு தேடினாள். தண்ணீர் குடிக்காத உடம்பில் நரம்பு ஒளிந்துகொண்டது. ஒரு குத்து வீண், இன்னொன்றும் வீண். டாக்டர் மாடியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். மாமியின் குழறல் அடங்கிக்கொண்டே போனது. என் கையிலேயே போய்விடுவாரோ?

அவரை ஒருக்களித்துத் திருப்பிவிட்டு, குளுக்கோஸ் பொடியை விரலில் ஈரத்தோடு குழைத்து எடுத்தேன்.

"வாயிலயா?" என்று மாமா கேட்டார். தடுப்பதுபோல் கை உயர்ந்தது.

"வாயிலதான் மாமா. வேற வழியில்லை."

கை கீழே இறங்கியது. "பண்ணுங்கோ" என்றார்.

கன்னத்தின் உள்பக்கமும் ஈறிலும் மெல்லத் தேய்த்தேன். மறுபடியும் தேய்த்தேன். மாமியின் உதடு லேசாக அசைந்தது. அதற்குள் டாக்டர் வந்து, முழங்கையில் ஒரு நரம்பைப் பிடித்து, குளுக்கோஸ் ஊசியை ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் மாமி நன்றாகக் கண்ணைத் திறந்து எங்கள் எல்லோரையும் பார்த்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மானிட்டரைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

"ஏம்மா" என்று கூப்பிட்டார். "என் வாயில ஏதாவது விட்டேளா?"

நான் மாமாவைப் பார்த்தேன்.

"ஒண்ணும் விடலை" என்றார் மாமா. "எல்லாம் ஊசி வழியாத்தான். உன் விரதத்துக்கு ஒரு குறையும் இல்லை."

சொல்லிக்கொண்டே குனிந்து, மாமியின் உதட்டோரத்தில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொடியை மேல்துண்டின் நுனியால் துடைத்துவிட்டார்.