இரண்டு முறை கரை ஒதுங்கிய பெயர்

காலை பத்து மணி இருபது. ஆசிரியர் அறைக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் நேரம் மறக்கவில்லை. முந்தின நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கடலுக்குப் போன தோணி விடியும்போதே சாய்ந்தமருதுக் கரையில் ஏறியிருக்க வேண்டும். அதில் என் மூத்த மகன் இருந்தான், பத்தொன்பது வயது. மருதமுனையிலிருந்து சைக்கிளில் வந்த நெசவாளி ஒருவர், பழைய சாரத் துணியில் சுற்றியிருந்த பலகையை வாசலில் நின்றபடியே நீட்டினார்.

"சேர், எங்கட கரையில கெடந்திச்சு. பேரப் பாத்துட்டு உங்களுக்கிட்டக் குடுக்கச் சொன்னாங்க."

பெயரை நான் வாசிக்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பலகை கடலிலிருந்து என் கைக்கு வந்தது அது இரண்டாவது தடவை.

பெரிய புயலடித்த வருடம் என் தம்பியின் மரத்தோணி மூன்று பேரோடு போய்த் திரும்பவில்லை. எங்கள் உம்மாவின் பெயரைத்தான் அதற்கு வைத்திருந்தான். எட்டாம் நாள் நிந்தவூர்க் கரையில் பெயர்ப்பலகை மட்டும் ஒதுங்கியது. ஒருவருடைய ஜனாஸாவும் கிடைக்கவில்லை. பலகையைக் கழுவி அலமாரியின் மேல் வைத்தேன்.

நான்கு வருடம் கழித்து, தம்பியின் மனைவியுடைய அண்ணன், அவளுடைய காக்கா, பைபர் தோணி ஒன்று கொண்டுவந்தார். ஓட்டுவது அவர். பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்த என் மகன், அவரை மாமா என்று அழைப்பவன், கூடப் போவதாக ஏற்பாடு. பழைய பெயரையே வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான்.

"மச்சான், அந்தப் பேர் கடலுக்குள்ளயே கெடக்கட்டும். திருப்பிக் கூப்பிடாதீங்க" என்றாள் தம்பியின் மனைவி.

அந்த நாட்களில் வாரப் பத்திரிகையில் ஒரு கட்டுரை படித்திருந்தேன். நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று ஆட்களோடு தாழ்ந்தால், பின்னால் கட்டும் இன்னொன்றுக்கு அதே பெயரைச் சூட்டுவது பெரிய கடற்படைகளில் வழக்கமாம். இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதையாம். கத்தரித்து வைத்திருந்ததை எடுத்துவந்து எல்லோருக்கும் உரக்க வாசித்தேன்.

அவளுடைய காக்கா சிரித்தார். "என்ன மச்சான், அது தண்ணிக்குள்ள தாழுறத்துக்கெண்டே செஞ்ச கப்பல். நம்மட தோணி மேல நிக்கோணுமே!"

எல்லோரும் சிரித்தார்கள், நானும். ஆனாலும் பள்ளிக்கூடத்துச் சேர் சொன்னால் எங்கள் குடும்பத்தில் மறுத்துக் கதைக்க மாட்டார்கள். பலகையை நானே நான்கு திருகாணிகளால் பூட்டினேன்.

இரண்டாவது கப்பலில் வேலைக்குப் போனவர்கள் அந்தப் பெயரோடு எப்படித் தூங்கினார்கள் என்று கட்டுரையில் இருக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. எங்கள் தோணி கரைக்கு வரும்போது மணலில் நின்றவர்கள் கதையை நிறுத்துவதை மட்டும் ஓரிரு தடவை கண்டேன்.

நெசவாளி தந்த பலகையோடு அன்று கடற்கரைக்குப் போனேன். தேடுவதற்கு மூன்று தோணிகள் புறப்பட்டிருந்தன. என் மனைவி அழவில்லை.

"வாசிச்சுக் காட்டினீங்களே, அந்தப் பேப்பர்ல புள்ள திரும்பி வாறத்துக்கு என்ன செய்யிற எண்டும் போட்டிருக்கா?"

தம்பியின் மனைவி பலகையை என்னிடமிருந்து வாங்கி மடியில் வைத்து, எழுத்துகளுக்குள் நிறைந்திருந்த மணலை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளும் ஏதாவது ஏசியிருக்கலாம்.

திருகாணித் துளைகள் நான்கும் கிழியாமல் வட்டமாக இருந்தன. உடைந்த தோணியிலிருந்து பிய்ந்த பலகை அப்படி இருக்காது. கண்ணில் பட்டது, மனதில் ஏறவில்லை. உடல் இல்லாமலே தொழும் காயிப் தொழுகையை எந்த நாளில் வைப்பார்கள் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். பெற்றவன், மத்தியான வெயிலில் நின்று, அப்படி யோசித்தேன். இப்போதும் பிள்ளைகள் யாராவது வரப் பிந்தினால் அதே யோசனைதான் முதலில் வருகிறது.

அஸருக்குப் பாங்கு சொன்ன நேரம், வடக்கே பெரியநீலாவணைப் பக்கமிருந்து ஒரு தோணி இன்னொன்றைக் கயிற்றில் கட்டி இழுத்துவந்தது. இஞ்சின் நின்று இரவு முழுக்க மிதந்திருக்கிறார்கள். தம்பி மனைவியின் காக்காவை இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள். மகன் தானாகவே குதித்து நடந்து வந்தான். தன் உம்மாவைக் கட்டிப்பிடித்தான். சாச்சியின் மடியில் கிடந்த பலகையைப் பார்த்தான். பிறகு என்னிடம் வந்தான்.

"நான்தான் வாப்பா கழட்டி எறிஞ்ச. இஞ்சின் நிண்டதும் மாமா கைய விட்டுட்டுக் குந்திட்டார். 'அவங்க போன மாதிரித்தான் நாமளும், பேர் அப்பிடி' எண்டு அதே கதை. தோணிக்குள்ள தண்ணி ஏறுது, மனிசன் அசையல்ல. பலகையக் கழட்டினாப் பொறகுதான் எழும்பித் தண்ணி அள்ளினார். கடல்ல மௌத்தாப் போனவங்கட தோணிப் பேர எங்களத் தூக்க வெச்சீங்களே வாப்பா, தோணியில போறவங்க நாங்க, எங்களுக்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"