அடியில் வந்த கொப்பு

அம்மா ஊருக்குப் போன அன்று காற்று அடித்துக்கொண்டிருந்தது. கோயமுத்தூரின் ஆனிக் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிளம்பி வந்து, நம் கொடியில் கிடக்கும் துணியைப் பக்கத்து வீட்டில் போட்டுவிட்டு, அவர்கள் துணியை நமக்குக் கொண்டுவரும் காற்று. அதில் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கையில் ஒரே ஒரு பையோடு அம்மா கேட்டைத் திறந்தாள். அப்பா பட்டறை வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். எவ்வளவு துடைத்தாலும் எண்ணெய் போகாத கை.

"ஏனுங்க, அந்த மஞ்ச ரோசா பூத்துச்சுன்னா சொல்லி அனுப்புங்க. வாரேன்" என்றாள் அம்மா.

எனக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடம் திறந்த வாரம் என்பதால் நான் அப்பாவிடமே இருக்க வேண்டும் என்று பேசி முடித்திருந்தார்கள். அம்மா சொன்னதில் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. பூ பூக்கும், அம்மா வருவாள். பெரியவர்கள் சொல்கிற மற்ற விஷயங்களை விட அது தெளிவாகத்தான் இருந்தது.

எங்கள் வீடு ஆவாரம்பாளையத்தில். முன்னால் அப்பாவின் லேத் பட்டறை, பின்னால் நாங்கள். கிழக்குப் பக்கம் மதில் ஓரமாக இருந்த நீளமான இடம் மட்டும் அம்மாவுடையது. அங்கே ஒரு வரிசை ரோஜா. ஐப்பசி மழை ஓய்ந்ததும் அம்மா ஈவு இரக்கமில்லாமல் கவாத்து செய்வாள். வெறும் குச்சிகள் நிற்கும். எனக்கு அழுகை வரும். மார்கழிப் பனியில் அதே குச்சிகளில் செம்பழுப்பாகத் துளிர் வரும். தை பிறக்கும்போது தெருவில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்துவார்கள். சித்திரையில் வேருக்குத் தென்னைமட்டை போட்டு மூடுவாள். ஆடியில் காற்றுக்கு முட்டுக் கொடுப்பாள். வருடம் என்பதே அந்த மதில் ஓரமாக நடந்து போகிற ஒன்று என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அந்தச் சித்திரையில், அம்மாவின் ஊரான கோபியில் மாமா வீட்டுக் கல்யாணம். அம்மாவும் நானும் முன்கூட்டியே போய்விட்டோம். அந்த நேரம் பார்த்து அப்பாவுக்கு மோட்டார் பம்பு சாமான் செய்கிற பெரிய ஆர்டர் வந்தது. இரண்டாவது லேத் ஒன்றைச் சல்லிசாகப் பிடித்துவிட்டார். வைக்க இடம் வேண்டும். நாங்கள் திரும்பி வந்தபோது கிழக்குப் பக்கம் சிமெண்டுத் தரையாகி, மேலே சிமெண்ட் ஷீட் ஏறி, நடுவில் புது லேத் எண்ணெய் மணக்க நின்றது. ரோஜாச் செடிகளை அப்பா எறிந்துவிடவில்லை. ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மதிலோரம் வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார். கழற்றி வைத்ததை மறுபடி மாட்டிக்கொள்ளலாம் என்பது அவருடைய தொழில். வேர்கள் வெயிலில் நார்நாராகக் கிடந்தன.

மூலையில் இருந்த மஞ்சள் ரோஜா மட்டும் தப்பியது. லேத்தின் கால் அதுவரை எட்டவில்லை, அவ்வளவுதான்.

அம்மா சண்டை போடவில்லை. சோறாக்கினாள், போட்டாள், பாத்திரம் கழுவினாள். ஒன்றரை மாதம் அப்பாவிடம் பேசவில்லை. கூப்பிட்டுப் போக வந்த மாமா, இதற்கெல்லாமா ஊட்டை விட்டு வருவது அம்மணி என்று கேட்டதற்கு, செடியை விடுங்கண்ணா, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்லங்க என்று மட்டும் சொன்னாள்.

அம்மா போன மறுநாளே அப்பா மஞ்சள் ரோஜாவை ஆர்டர் எடுத்த வேலை மாதிரி எடுத்துக்கொண்டார். நாங்கள் உப்புத் தண்ணீரில் குளித்தோம். செடிக்கு, குடிக்க வைத்திருந்த சிறுவாணித் தண்ணீர். எங்கோ டீக்கடையில், ரோஜாவுக்கு இரும்பு நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இரும்புக்கு எங்கள் வீட்டில் என்ன பஞ்சம்? லேத்தில் கடைந்து விழும் சுருள் சுருளான சீவலை எண்ணெயோடு அள்ளி வந்து வேரைச் சுற்றிப் புதைத்தார். மூடும்போது என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

செடி மேலிருந்து கருக ஆரம்பித்தது.

ஆடியில் பாதி கருகிவிட்டது. அப்பா தினமும் அதன் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து பீடி குடித்தார். ஓடாத மெஷினின் முன்னால் அப்படித்தான் உட்காருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை திடீரென்று ஏணியைப் போட்டு ஏறி, கூரையில் இரண்டு ஷீட்டைக் கழற்றிவிட்டார். வெயில் நேராக மூலையில் விழுந்தது. பாதி புது லேத்தின் மேலும் விழுந்தது. மழை வந்தால் என்ன செய்வதென்று பட்டறைப் பையன் கேட்டான். தார்ப்பாய் போடலாமென்றார் அப்பா.

மாதம் ஒரு தடவை மாமா வந்து என்னைக் கோபிக்கு அழைத்துப் போவார். அம்மா எனக்குப் பேன் பார்ப்பாள், சட்டைக்குப் பொத்தான் தைப்பாள், அப்பா என்ன சமைக்கிறார் என்று கேட்பாள். செடியைப் பற்றிக் கேட்கமாட்டாள். நானும் சொல்லமாட்டேன். பூத்த பிறகு காட்டினால் போதும் என்பது அப்பாவுக்கும் எனக்கும் இருந்த ஒப்பந்தம்.

ஆயுத பூஜைக்குப் பட்டறையில் இருந்த எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். லேத், வெல்டிங் மெஷின், ஸ்பானர், தராசு. அப்பா கிண்ணத்தோடு மூலைக்குப் போய், கருகிய குச்சிக்கும் ஒரு பொட்டு வைத்தார். அப்போதுதான் நான் பார்த்தேன். மண்ணை ஒட்டி, அடியிலிருந்து, புதிதாக ஒரு கொப்பு கிளம்பியிருந்தது. பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை.

அதற்குப் பிறகு எங்களுக்கு வேறு பேச்சில்லை. அந்தக் கொப்பு என் முழங்காலைத் தாண்டியது, இடுப்பைத் தாண்டியது. இலை மட்டும் பழைய இலை மாதிரி இல்லை. சின்னதாக, நெருக்கமாக இருந்தது. பிள்ளை அவங்க அப்பன் மாதிரி இல்லாம அம்மா மாதிரி இருக்கறதில்லையா என்றார் அப்பா. ஐப்பசி மழை திறந்த கூரை வழியாகக் கொட்டியது. தார்ப்பாயில் தண்ணீர் தேங்கிக் கிழிந்து, லேத்தில் துரு பிடித்தது. ஆர்டர் கொடுத்தவர் வந்து சத்தம் போட்டுவிட்டு, சாமான்களை வேறு பட்டறைக்குக் கொண்டுபோய்விட்டார். அன்று சாயந்திரம் அப்பா கொப்புக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். முள் கிழித்த கையை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டார்.

மார்கழியில் பூத்தது. ஒரே கொத்தில் மூன்று பூ. மூன்றும் ரோஸ் நிறம்.

அப்பா ஒவ்வொரு பூவாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம், "வெயில் பத்தல அம்மணி. அதான் நெறம் ஏறல" என்றார். "அம்மா கேட்டா அப்படியே சொல்லிப்போடலாம்."

ஈரத்துணியில் சுற்றி என் டிபன் பாக்ஸில் வைத்தோம். கோபி பஸ்ஸில் அன்னூர் போகும்வரை அப்பா அதை மடியில் வைத்திருந்தார். அன்னூரில் பஸ் நின்றபோது இறங்கிப் போய்த் தண்ணீர் தெளித்து வந்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு, மஞ்சள்தானே சொன்னேன் என்று கேட்டுவிட்டால்? வழியெல்லாம் எனக்கு அதே பயம். நெல்லும் வாழையும் தென்னையும் ஓடி ஓடிப் பின்னால் போயின. ஒன்றையும் நான் சரியாகப் பார்க்கவில்லை.

மாமா வீட்டு வாசலில், "வாங்ண்ணா, வா கண்ணு" என்று அத்தை எங்களை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அம்மா உள்ளேயிருந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா டிபன் பாக்ஸை நீட்டினார். அம்மா திறந்தாள். அத்தை எட்டிப் பார்த்து, "ஏனம்மணி, மஞ்சப் பூவுன்னல்ல சொன்னே?" என்றாள்.

அம்மா பூவை முகர்ந்து பார்த்தாள். எங்கள் மஞ்சள் ரோஜாவுக்கு வாசம் கிடையாது. இது மணந்தது.

"இது மேல வந்த கொப்புங்களா, அடியில வந்த கொப்புங்களா?"

"அடியிலதான்" என்றார் அப்பா. ஏழு மாதத்துக்குப் பிறகு பேச வாய்ப்புக் கிடைத்தவரின் வேகம். "மேல எல்லாம் கருகிருச்சு. நான் உட்டனா? ரெண்டு ஷீட்டக் கழட்டிப்போட்டு வெயில் காட்டினேன். இரும்பு போட்டேன். பாரு, ஆள் ஒசரம் வந்துருச்சு."

"லேத்து நனையாதுங்களா?"

"நனஞ்சுச்சு" என்றார் அப்பா.

அம்மா அவர் கையைப் பார்த்தாள். கீறல்கள், அதன் மேல் எண்ணெய். பிறகு சிரித்தாள். சத்தமில்லாமல் ஆரம்பித்து, நிறுத்த முடியாமல், கடைசியில் முந்தானையால் கண்ணைத் துடைக்கிற அளவுக்கு. உள்ளே போனாள். வரும்போது கையில் பை இருந்தது.

"பஸ்ஸு எத்தன மணிக்குங்க?"

அத்தை, சாப்பிட்டாவது போங்க என்று எங்களைப் பிடித்து நிறுத்த வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அம்மா திறந்திருந்த கூரையைப் பார்த்தாள், துருப்பிடித்த லேத்தைப் பார்த்தாள். அப்பா குளிக்கப் போன நேரத்தில் செடியின் அடியைத் தோண்டி, கருத்த சீவலையெல்லாம் முறத்தில் வாரினாள். இது எப்போது மஞ்சளாகும் என்று கேட்டேன். மாறாது கண்ணு, மேல ஒட்டுக் கட்டுன மஞ்ச கருகிருச்சு, இது அடிச்செடியோட பூவு என்றாள். எனக்கு அது புரியவில்லை.

தை மாதம் ஒரு நாள், சேர்ந்துகிடந்த பழைய இரும்பை உக்கடத்தில் பாய் கடையில் போட அப்பா போயிருந்தபோது, அம்மா அடுத்த தெரு டீச்சர் வீட்டுக்குப் போய் முந்தானைக்குள் ஒரு ரோஜாக் குச்சியை மறைத்துக்கொண்டு வந்தாள். அந்த ஆள் உயரக் கொப்பில் பிளேடால் கீறி, குச்சியிலிருந்து சீவிய எதையோ அதற்குள் செருகினாள். பால் கவரை நாடாவாகக் கிழித்து அந்த இடத்தைச் சுற்றிக் கட்டினாள். மதில் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த நான், என்னாச்சும்மா என்றேன்.

"அடிபட்டிருச்சு கண்ணு. அப்பாகிட்டச் சொல்லாத, சங்கடப்படுவாரு."

அடிபட்டால் கட்டுப் போடுவார்கள். எனக்குச் சரியென்று பட்டது.

அடுத்த தைக்கு அந்தச் செடியில் மஞ்சள் பூத்தது. கீழே ஒரு கொப்பை அம்மா வெட்டாமல் விட்டிருந்தாள். அதில் ரோஸும் பூத்தது. செடி வளர்க்கத் தெரிந்தவர்கள் அதை வெட்டிவிடச் சொன்னார்கள்; அம்மா கேட்கவில்லை. அப்பா தெருவையே கூட்டிவந்து காட்டினார். "இரும்புச் சத்து. கீழ எறங்கறதுக்கு ஒரு வருசம் ஆகுமல்லோ" என்று விளக்கினார். அம்மா பக்கத்தில் நின்று, ஆமாங்க, ஆமாங்க என்றாள். கடைசிவரை அவருக்கு அவள் வேறெதுவும் சொல்லவில்லை.

நான் அப்பாவின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நின்றேன். அம்மாவை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. மஞ்சள் பூத்தால்தான் வருவேன் என்று சொன்னவளை, அப்பாவும் நானும் ஒரு ரோஸ் பூவைக் காட்டி ஏமாற்றிக் கூட்டி வந்துவிட்டோம். தான் ஏமாந்தது அவளுக்கு இன்னும் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.