காதர் பாயின் குறட்டை

போன வாரம் நாவலூரில் எங்கள் ஃபிளாட்டில் உட்கார்ந்துகொண்டு மனைவியிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன்: "முதுகு வலிக்குது, இந்த மெத்தையை மாத்தணும்." அவள் காதில் விழுந்ததோ இல்லையோ, கைபேசியின் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து எதைத் திறந்தாலும் மெத்தை. செய்தி படிக்கப் போனால் மெத்தை. வத்தக்குழம்பு வைப்பது எப்படி என்று பார்க்கப் போனால் புளி கரைப்பதற்குள் மெத்தை. எல்லாவற்றிலும் ஒரு பெண், தலைமுடி கலையாமல், கண்ணை மூடிப் புன்னகைத்தபடி படுத்திருக்கிறாள். அட தெய்வமே, தூங்குகிற யாராவது இப்படிச் சிரிப்பார்களா? தூக்கம் எப்படி இருக்கும் என்று இவர்களுக்குக் காட்ட எனக்குத் தெரிந்து ஒரே ஆள் காதர் பாய்தான்.

இரண்டாயிரங்களின் தொடக்கம். தாம்பரத்திலிருந்து குரோம்பேட்டை வரை ஓடும் ஒரு லோக்கல் கேபிள் சேனலில் எனக்கு வேலை. அஸ்தினாபுரத்தில் என் அப்பா எல்லோரிடமும் "பையன் மீடியால இருக்கான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மீடியா என்பது மொட்டைமாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஓர் அறை. உள்ளே நுழைந்தாலே சூடான வயரின் வாசனையும் பிரபு அண்ணனின் லெமன் ரைஸ் வாசனையும் சேர்ந்து அடிக்கும். பிரபு அண்ணன் முதலாளி. விளம்பரங்களுக்கு டைரக்டர், கேமராமேன், பின்னணிக் குரல், டீ வாங்கி வருபவன் எல்லாமே நான்.

எங்கள் சேனலின் உயிர், போனில் பாட்டுக் கேட்கும் நிகழ்ச்சி. லைனில் வரும் எல்லோரும் முதலில் "ஹலோ, கேக்குதா?" என்பார்கள். "உங்க டிவி வால்யூமைக் கம்மி பண்ணுங்க" என்று கெஞ்சுவோம். கம்மி பண்ணிவிட்டு வருவதற்குள் லைன் கட்டாகிவிடும். இதையே ஒரு மணி நேரம் ஜனங்கள் வாயைப் பிளந்து பார்த்தார்கள் என்று சொன்னால் இன்றைக்கு என் மகள் நம்பமாட்டேன் என்கிறாள்.

காதர் பாய் மேற்குத் தாம்பரத்தில் மெத்தைக் கடை வைத்திருந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத தொப்பி, அளந்து பேசும் பேச்சு. அந்த வருஷம் தீபாவளியும் ரம்ஜானும் ஒரே வாரத்தில் வந்தன. சீசன் களைகட்ட வேண்டிய நேரத்தில், அவர் கடைக்கு நேரெதிரே கண்ணாடி மாளிகையாக ஒரு ஷோரூம் முளைத்தது. அதற்குப் பெரிய சேனல்களில் சினிமா நடிகை துள்ளிக் குதிக்கும் விளம்பரம் வேறு. ஒருநாள் பாய் எங்கள் மாடிப்படி ஏறி மூச்சு வாங்க வந்து நின்றார்.

"தம்பி, ஜனங்க என் கடை வாசல்ல வண்டியை நிப்பாட்டிட்டு எதிர்க்கடைக்குப் போறாங்க. இந்தப் பெருநாளுக்குள்ள யாவாரம் ஆவலன்னா கடையை மூடிட்டு ஆம்பூர்ல மச்சான் கடைல போய் உக்காரணும். அவர்கிட்ட கை கட்டி நிக்கிறதுக்கு நான் மெத்தைக்குள்ளயே பூந்துக்கலாம். எனக்கும் ஒரு ஆட் போட்டுக் குடு."

எனக்குள் இருந்த கலைஞன் துள்ளி எழுந்தான். அவனால்தான் வினையே. பாய் மெத்தையில் படுப்பார், கண்ணை மூடுவார், எழுந்து "கவலையை விடுங்க, காதர் மெத்தைல படுங்க" என்பார். இதுதான் என் திரைக்கதை. கேமராவை வைத்து, சட்டைக் காலரில் மைக்கைச் செருகி, விளக்கைப் போட்டேன். மதியம் மூன்று மணி. மனுஷன் நோன்பு. விடியற்காலையில் சஹர் சாப்பாட்டுக்கு எழுந்தவர். படுத்தார். கண்ணை மூடினார். அவ்வளவுதான், ஆள் இந்த உலகத்தில் இல்லை.

முதலில் ஒரு சின்ன விசில் வந்தது. பிறகு தாம்பரம் ரயில்வே யார்டில் இன்ஜின் மாற்றுகிற சத்தம். காலரில் இருந்த மைக் ஒன்றையும் தவறவிடவில்லை. நோன்பிருக்கும் மனிதரை எழுப்ப எனக்கு மனசு வரவில்லை. கேமராவை நிறுத்தவும் தோன்றவில்லை, ஏனென்றால் நானும் அதைப் பார்த்துக்கொண்டே அசந்துவிட்டேன். அஸர் தொழுகைக்கான பாங்கு கேட்டதும் திடுக்கிட்டு எழுந்த பாய், தொப்பி காதுக்கு மேல் தொங்க, ஒரு கொட்டாவி விட்டு, "கவலையை... இன்னா தம்பி அது?" என்றார். அப்புறம் முகம் கழுவி, பாஸ்போர்ட் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி விறைப்பாக நின்று சரியாகச் சொன்னார். அதுதான் போக வேண்டிய டேப்.

போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானப் படத்தின் நடுவே பிரபு அண்ணன் மாற்றிப் போட்டுவிட்டார். குறட்டை, கொட்டாவி, "இன்னா தம்பி அது" வரைக்கும் மொத்தமும் ஓடியது.

மறுநாள் பாய் வந்த வேகத்தில் எங்கள் கூரையே அதிர்ந்தது. "யோவ், நடிகையைக் குதிக்க வெச்சு விக்கிறான் அவன். என்னை இப்படிப் படுக்க வெச்சு மானத்தை வாங்கிட்டியே! பள்ளிவாசல்ல சின்னப் பசங்கல்லாம் என்னைப் பார்த்து கொர்ர்ருங்கிறானுங்க. உடனே நிப்பாட்டு!"

நான் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார் பிரபு அண்ணன்.

"ஹலோ, கேக்குதா? சேலையூர்ல இருந்து பேசறேன். பாட்டு வேணாம் சார். அந்தத் தூங்குற பாய் விளம்பரம் போடுங்களேன். என் வீட்டுக்காரருக்கு டெடிகேட் பண்றேன்."

அடுத்த போனும் அதற்குத்தான். அதற்கடுத்ததும். பாய் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார். "போட்டுத்தான் தொலையேன்" என்றார்.

அன்று சாயங்காலமே கடையில் கூட்டம். வந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே கோரிக்கை: டிவியில் வந்த அதே மெத்தை வேண்டும். "எல்லாம் அதே இலவம்பஞ்சுதாம்மா" என்று பாய் தொண்டை வற்றக் கத்தினார். யார் கேட்கிறார்கள்? "அது நான் படுத்தது, பழசு. விக்கமாட்டேன்" என்று ஒரே பிடிவாதமாக நின்றார். கடைசியில் பொழிச்சலூரிலிருந்து வந்திருந்த ஒரு அக்கா வழி சொன்னார்: "அப்போ இந்தப் புதுசுல ஒரு நிமிஷம் நீங்களே படுத்துக் குடுங்க. நாங்க எடுத்துக்கறோம்."

பாய் படுத்தார். எழுந்தார். வண்டியில் ஏற்றினார்கள். அதன்பின் அந்தச் சீசன் முழுக்க, பாய் படுத்துக் கொடுக்காத மெத்தையை ஒருவரும் வாங்கவில்லை. எதிர் ஷோரூம் விற்பனையாட்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஆம்பூர்ப் பேச்சு அடியோடு நின்றுபோனது.

பெருநாளன்று பிரியாணித் தூக்கோடு வந்த பாயின் கண்கள் சிவந்திருந்தன. "கடை பொழைச்சுகிச்சு தம்பி. ஆனா வூட்ல படுத்தா தூக்கமே வரல. ஊரே பாத்துகினு கீற மாதிரி கீது. சத்தம் சரியா வருதான்னு நானே முழிச்சுக் கேக்கறேன். ஒரே பேஜாரு. அந்த வெளம்பரத்தைத் தூக்கிடு, உனக்குப் புண்ணியமாப் போவும்." மனசே இல்லாமல் விளம்பரத்தை எடுத்தோம். சேலையூர்க்காரம்மா ஒரு மாதம் எங்களைத் திட்டினார்.

சில வருஷம் கழித்து பாய் காலமான செய்தி கேட்டு வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ஜைனப் அக்கா, வந்தவர்கள் எல்லாம் போனபிறகு, தயங்கித் தயங்கிக் கேட்டார்: "தம்பி, அந்த டேப்பு இருக்குதா? அந்தக் கொறட்டையை ஒரு தபா கேக்கணும். வூடு ரொம்ப அமைதியா கீது."

ஓடினேன். சேனலை அதற்குள் ஒரு பெரிய கம்பெனிக்கு விற்றிருந்தார்கள். பிரபு அண்ணன் வீட்டுப் பரணில் அந்த டேப் கிடைத்தது. போட்டுப் பார்த்தால், அதன்மேல் யாரோ ஒரு குழந்தையின் காதுகுத்தைப் பதிவுசெய்திருந்தார்கள். கடைசிவரை ஓட்டியும் அந்தப் பிள்ளையின் அழுகை மட்டும்தான். திரும்பிப்போய் எப்படியோ சொன்னேன். அக்கா சிரித்துவிட்டார்.

"போவட்டும் வுடு தம்பி. ஊருக்கு ஒரு சீசன்தான் ஓடிச்சு. எனக்கு இத்தினி வருசம் தெனமும் ஓடிச்சே."

இப்போது பாயின் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. எங்கள் மொட்டைமாடி அறை இருந்த கட்டடமே இல்லை. இதை எழுதும்போதுகூடக் கைபேசி ஒரு மெத்தையைக் காட்டியது. வால்யூமை முழுசாக வைத்துக் காதருகே கொண்டுபோனேன். பியானோதான் கேட்டது.